பீரியட்ஸ் சமயத்தில் பாடிய அனுபவம்: பாடகிகள் பகிருங்கள்

மேல்பஞ்சமம்:
ரெக்கார்டிங். பீரியட்ஸ் வர இரண்டு நாள் இருந்தது. கீழ் ஸ்தாயி வழக்கத்தைவிட கனமாகவே வந்தது. சரணத்தில் மேல் பஞ்சமத்தைத் தொடும் இடத்தில் குரலே இல்லை, வெறும் காற்று. ஹெட்போனில் அது எனக்கே கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "சாதகத்தை விட்டுட்டீங்களாம்மா?" என்றார் இசையமைப்பாளர். காலையில் ஒரு மணி நேரம் பாடிவிட்டுத்தான் போயிருந்தேன். சுற்றிலும் ஆண்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் அதே இடம் சுலபமாக விழுந்தது. அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. வருவதற்கு முன்னால்தான் மோசம் என்பது வேறு யாருக்காவது உண்டா?

கோரஸ்குரல்:
எனக்கு முதல் நாள்தான். குரலில் ஒன்றும் இருக்காது, மூச்சுதான் நிற்காது. ஒரு நீண்ட கார்வையில் வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது, பாதியில் விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் பங்கையும் சேர்த்து இழுத்தாள். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

ஆதாரசுருதி:
பாதிக்கு மேல் மனசுதான். எனக்கு எந்த மாதமும் ஒரு ஸ்வரம்கூட நகர்ந்ததில்லை. நாமே இதைப் பெரிதாக்கினால், வாய்ப்புத் தருகிறவர்கள் நாளைக்கு நம் தேதியைக் கேட்டுவிட்டுத்தான் பாட்டே தருவார்கள்.

தம்புராக்காரி:
@ஆதாரசுருதி, உங்களுக்கு மாறவில்லை என்றால் சந்தோஷம். மற்றவர்களுக்கு மனசு என்று சொல்லாதீர்கள். வருவதற்கு முந்தைய நாட்களில் ஹார்மோன் மாற்றத்தால் குரல் நாண்களில் நீர் கோத்துத் தடிக்கும், சளியும் கெட்டியாகும். தடித்த நாண் வேகமாக அதிராது. @மேல்பஞ்சமம், உங்களுக்குக் கீழ் ஸ்தாயியில் கனமும் மேல் ஸ்தாயியில் காற்றும் வந்தது அதனால்தான். ஐரோப்பிய ஆப்பரா அரங்குகள் சிலவற்றில் அந்த நாட்களில் பாடகிகளுக்கு விடுப்பு தரும் வழக்கமே இருந்தது.

என் கதை சின்னது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பாடினேன், ஒரு வரியின் நடுவில் குரல் அறுந்தது. கேமராவில் பார்த்தால் வலது நாண் முழுக்கச் சிவப்பு, ரத்தக் கசிவு. அதனால் சொல்கிறேன்: ஆஸ்பிரின், இபுபுரோஃபென் இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுக்கும். அந்த நாட்களில் நாணின் நுண்குழாய்கள் சுலபமாக உடையும். பாடும் நாளில் பாரசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாட்டின் நடுவில் குரல் சட்டென்று போனால் அங்கேயே நிறுத்துங்கள், கிசுகிசுக்கக்கூட வேண்டாம். உடனே இ.என்.டி.யிடம் போய் ஸ்ட்ரோபோஸ்கோபி (நாண் அதிர்வதைக் கேமராவில் பார்க்கும் சோதனை) எடுங்கள். எண்டோமெட்ரியோசிஸுக்கு (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) யாராவது டானசோல் என்ற ஹார்மோன் மருந்தை எழுதினால், பாடுகிறவள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது குரலைத் தடிப்பாக்கிக் கீழே இறக்கிவிடலாம், நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போகலாம். மற்றபடி தண்ணீர், ஆவி, ஸ்ட்ராவில் ஊதியபடி மெதுவாகக் குரலை எழுப்புவது, சுருதியை அரைக்கட்டை இறக்குவது. படுப்பதற்குச் சற்று முன் சாப்பிடாதீர்கள், அந்தச் சமயத்தில் அமிலம் மேலே வருவதும் அதிகம்.

ஆதாரசுருதி:
மருந்து விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. தேதி விஷயத்தில் நான் சொன்னதுதான்.

மேல்பஞ்சமம்:
மேடையில் அரைக்கட்டை இறக்கலாம். ரெக்கார்டிங்கில் டிராக்கின் சுருதியை முன்பே முடிவுசெய்து வாசித்து வைத்திருப்பார்களே? மேல் ஸ்தாயி வரிகளை மட்டும் அடுத்த வாரம் பாடித் தருகிறேன் என்று கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா? என்ன காரணம் சொன்னீர்கள்?