ஒலித்தடையா, ஒலிமறிப்பா?

பாலக்கோடு:
11ஆம் வகுப்பு ஆய்வகத் தாள் திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஊடகத்தின் அடர்த்தியை அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கி வரும் அளவு, அதாவது அக்கூஸ்டிக் இம்பிடன்ஸ். அதற்குத் தமிழில் ‘ஒலித்தடை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

ஓசூர்:
வேண்டாம் ஐயா. தடை என்றதும் பிள்ளைகள் மின்தடையை நினைத்து, ஒலி அங்கே வெப்பமாகித் தேய்கிறது என்று எழுதிவிடுவார்கள். எஃகின் மதிப்பு காற்றினுடையதைப் போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல். அப்படியும் ஒலி எஃகில் நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் ஓடுகிறது, காற்றில் 343தான். ‘ஒலிமறிப்பு’ பொருந்தும். மறிதல் என்றால் மடங்கித் திரும்புதல். பழம்பாட்டில் வரும் மறிதிரை, அதாவது மடங்கித் திரும்பும் அலை, அதுதானே?

அரூர்:
மறிதல் தன்வினை; அதன் பெயர் மறிவு. மறிப்பு என்பது மறித்தலிலிருந்து வருவது, வழிமறிப்பு போல. சுற்றிச் சுற்றித் தடைக்கே வந்துவிட்டோம்! ஆட்டுக்குட்டிக்கு மறி என்ற பெயரும் துள்ளித் திரும்புவதால்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மான்மறியையும் பாருங்கள்.

கிருஷ்ணகிரி, கல் சோதனை:
ஆட்டுக்குட்டி இருக்கட்டும். ஒரு ஊடகத்தின் மதிப்பு தனியே எதையும் திருப்பாது. இரண்டு ஊடகங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடுதான் திருப்பும். கிரானைட்டிலிருந்து காற்றுக்குப் போகும் எல்லையில் ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் கடக்கும். அதனால்தான் கல்லுக்குள் ஒலியை அனுப்பிப் பெறும் 54 கிலோஹெர்ட்ஸ் உணர்முனைக்கும் கல்லுக்கும் நடுவே கிரீஸ் தடவுகிறோம். தடவாவிட்டால் மெல்லிய காற்றுப்படலம் போதும், அளவு வராது. நல்ல கல்லில் 30 செ.மீ. கடக்க சுமார் 60 மைக்ரோநொடி. நடுவில் விரிசல் இருந்தால் ஒலி அதைச் சுற்றி வரும், நேரம் கூடும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டிய கல் ‘பொத்’தென்பதும் விரிசலால்தான். குவாரியில் யாருக்கும் ‘மறிப்பு’ புரியாது. இம்பிடன்ஸ் என்றே விடுங்கள்.

ஓசூர்:
குவாரிக்காரருக்கு இம்பிடன்ஸும் புரியாதே, ஐயா.

பாலக்கோடு:
நேரமில்லை. ‘ஒலிமறிப்பு’ என்றே விடுகிறேன், பக்கத்தில் ஒருமுறை ‘இம்பிடன்ஸ்’ வரும். கீழே இப்படி ஒரு குறிப்பு: “அடர்த்தி × வேகம். அடர்த்தி கூடினால் வேகம் கூடும் என்று கொள்ள வேண்டாம். ஈயம் அலுமினியத்தைவிட நான்கு மடங்கு அடர்ந்தது. ஒலி அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் செல்கிறது. விறைப்பையும் (உருமாறாமல் எதிர்க்கும் தன்மை) சேர்த்துப் பார்க்க வேண்டும்.”

அரூர்:
குறிப்பு நன்று. சொல்லுக்கு என் ஒப்புதல் இல்லை. மறிவு, மறிவு, மறிவு.