மறு: திரை துடைக்கும் துணிக்குக் கலைச்சொல் – ‘திரைத்துவர்த்து’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நம் கையேட்டில் திரை துடைக்கும் துணிக்கு என்ன சொல் போடுவது என்று குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ‘திரைத் தூய்மி’ அல்லது ‘திரைத் துடைப்பான்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

தூய்மி என்றதும் எனக்குப் பாட்டிலில் அடைத்த திரவம்தான் நினைவுக்கு வருகிறது. துடைப்பான் என்றால் தரை. நம் கையேடோ ஸ்பிரே வாங்காமல் வீட்டிலேயே டிவி, கைபேசித் திரைகளைச் சுத்தம் செய்வதைப் பற்றியது. அதற்கு வேண்டியது ஒரு மெல்லிய துணியும் கொஞ்சம் தண்ணீரும். லேசான ஈரத்தால் ஒற்றி எடுத்த கையோடு, காய்ந்த துணியால் அந்த ஈரத்தைப் போக்கிவிட வேண்டும்.

இந்த இரண்டாவது வேலைக்கு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சொல் புழங்குகிறது: துவர்த்துதல். குளித்துவிட்டு வரும் பிள்ளையிடம் ‘தலைய நல்லா துவர்த்து’ என்போம். துவர்த்தும் துண்டுக்கும் துவர்த்து என்றே பெயர். எனவே என் பரிந்துரை ‘திரைத்துவர்த்து’.

பாசத்தால் மட்டும் சொல்லவில்லை. குளச்சல், முட்டம் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் டிவி திரைமேல் கடல் உப்பு வெள்ளையாக ஒரு படலமாகப் படியும். திரையை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், நன்றாகத் தெரியும். பகலில் பொடியாக இருப்பது இரவில் பிசுபிசுக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். தண்ணீரிலேயே கரைகிற அழுக்குக்கு வினிகர் எதற்கு? ஆனால் ஈரத்தை அப்படியே காயவிட்டால், கரைந்த உப்பு வரிவரியாகத் திரையிலேயே மறுபடி நிற்கும். துவர்த்தினால்தான் அது துணிக்குப் போகும். ‘துடைத்தல்’ என்று எழுதினால் இந்தப் படி வாசகருக்குப் போய்ச் சேராது.

தண்ணீரைப் பற்றியும் குறிப்பில் ஒரு வரி வேண்டும். கடலோரக் கிணற்று நீர் காய்ந்தால் அதுவே கறை விடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் வடித்த நீர் போதும். நீரைத் துணியில்தான் தொட வேண்டும், திரையில் தெளிக்கக் கூடாது; ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

> பழைய வேட்டித் துணி போதுமா, நுண்ணிழை (மைக்ரோஃபைபர்) துணிதான் வேண்டுமா?

இரண்டும் சரி. நுண்ணிழைத் துணி விரல் எண்ணெயை நன்றாக எடுக்கும். ஆனால் அது பாலியெஸ்டர். துவைக்கும்போதெல்லாம் நெகிழித் துகள் தண்ணீரில் கலக்கும். பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி வேட்டி வீட்டிலேயே கிடைக்கும். எந்தத் துணியானாலும் முதலில் வெளியே கொண்டுபோய் நன்றாக உதறுங்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட், சிர்கான் என்ற கனிமங்கள் எல்லாம் உண்டு. சாதாரணக் கண்ணாடியைவிடக் கடினமானவை. மடிப்பில் ஒரே ஒரு மணி ஒளிந்திருந்தாலும் திரையில் கீறல் நிச்சயம். எல்சிடி டிவியின் மேற்பரப்பு பெரும்பாலும் கண்ணாடிகூடக் கிடையாது, மெல்லிய நெகிழிப் படலம். பழைய குழாய் டிவியைச் செய்தித்தாளால் அழுத்தித் தேய்த்த பழக்கத்தை இதில் காட்டக் கூடாது.

> துவர்த்து என்பது வட்டாரச் சொல். சென்னையில் யாருக்குப் புரியும்?

‘தலை துவட்டு’ என்பது எல்லா ஊரிலும் உண்டு. அதை அறிந்தவருக்குத் துவர்த்து ஒருமுறை கேட்டால் போதும். புதிதாக ஒட்டவைத்த ‘தூய்மி’யைவிட, தினமும் வாயில் புழங்கும் சொல்லை நம்பலாம். துவர்ப்புச் சுவையோடு குழம்பும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ‘திரை’ முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

அப்புறம், கைபேசிக் கண்ணாடியின்மேல் விரல் எண்ணெய் பிடிக்காதிருக்கப் பூசும் மெல்லிய படலத்துக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். ‘எண்ணெய் வெறுப்புப் பூச்சு’ வேண்டாம். பூச்சுக்கு ஏது வெறுப்பு? ‘எண்ணெய் ஒட்டாப் பூச்சு’ என்போம். வினிகர், அம்மோனியா, சோப்புத்தூள் மூன்றையும் கையேட்டில் விலக்கச் சொல்வதற்குக் காரணமே இந்தப் பூச்சுதான். வெறும் பயன்பாட்டிலேயே நாளடைவில் தேயக்கூடியது; இவை இன்னும் சீக்கிரம் தேய்த்துவிடும்.

பதிவுக்கான வரையறை:

திரைத்துவர்த்து (பெயர்ச்சொல்): ஈரம் தொட்டுத் துடைத்த மின்னணுத் திரையை உடனே உலர்த்தப் பயன்படும், பஞ்சு உதிராத மென்துணி. வினை: திரை துவர்த்துதல்.

நெல்லை, தூத்துக்குடி நண்பர்கள் உங்கள் வீட்டில் இதற்கு வேறு சொல் இருந்தால் பட்டியலை முடிப்பதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
குளச்சலிலிருந்து