புதுப்பிப்பு: தென் இத்தாலி கார்ப் பயணத்தில் சிசிலியை விட்டுவிட்டோம்

ஒன்பது நாளில் நேப்பிள்ஸிலிருந்து சிசிலி வரை காரில் போக முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 'ஓட்டிக்கொண்டேதான் இருப்பீர்கள்' என்று பலர் சொன்னீர்கள். சரி, சிசிலியை எடுத்துவிட்டோம். நன்றி!

இப்போது பாரியில் கார் எடுத்து அல்பெரோபெல்லோ, லெச்சே, மத்தேரா வழியாக சலேர்னோ. மத்தேராவில் மட்டும் மூன்று இரவு. பாறையைக் குடைந்த அந்தக் குகை வீடுகளிலிருந்து 1950களில் மக்களை அரசே வெளியேற்றியது. 1993இல் அதே இடம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதை அரை நாளில் பார்த்துவிட்டு ஓட மனசில்லை.

அமால்ஃபி கரைக்குக் கார் வேண்டாம். சாலை ரொம்பக் குறுகல். சீசனில் சில நாட்கள் நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துத்தான் விடுகிறார்கள். சலேர்னோவில் காரைக் கொடுத்துவிட்டுப் படகில் போகிறோம்.

அப்புறம், பழைய நகரப் பகுதிகளில் 'இசட்.டி.எல்.' (அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதி) பலகையைத் தாண்டினால் கேமரா பிடித்துவிடும், அபராதம் வீடு தேடி வரும். அதனால் அந்த எல்லைக்கு வெளியே பார்க்கிங் உள்ள விடுதிகளாகவே பிடித்திருக்கிறோம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கியாச்சு.

லெச்சேயிலிருந்து ஒத்ராந்தோ போய்வர ஒரு பகல் போதுமா? போனவர்கள் சொல்லுங்கள்.