நம்ம வீடு (புதுசு)

சுதாக்கா: நிலா பொறந்தநாள் கதைப் புக், ஏஐகிட்ட படம் வரைய வெச்சு 12 பக்கமும் ரெடி. ஞாயித்துக்கிழமை பிரிண்ட்டுக்குக் குடுக்கணும். பாத்துட்டுச் சொல்லுங்க
சுதாக்கா: 📷 12 படங்கள்
பெரியம்மா: 3வது பக்கத்துல யாரு அந்தப் பொண்ணு
சுதாக்கா: அதுவும் நிலாதாம்மா
கலா அத்தை: 7ல மச்சம் கன்னம் மாறிடுச்சு
விக்கி: 1ல யுகேஜி, 9ல காலேஜ் சேந்துட்டா 😂
சுதாக்கா: எல்லாத்துக்கும் ஒரே வரிதான் குடுத்தேன். சுருட்டை முடி, மஞ்சள் கவுன், 5 வயசு
ரகு சித்தப்பா: அங்கதான் தப்பு. விளக்கமாச் சொல்றேன்
விக்கி: ஆரம்பிச்சாச்சு
ரகு சித்தப்பா: ஒவ்வொரு படமும் டிவி புள்ளி மாதிரி வெறும் இரைச்சல்ல இருந்து புதுசா ஆரம்பிக்குது. போன பக்கத்து முகம் அதுக்கு ஞாபகம் இருக்காது. நீ குடுத்த வரிக்கு ஆயிரம் முகம் பொருந்தும், ஒவ்வொரு தடவையும் அதுல ஒண்ணு வரும்
சுதாக்கா: சீட் நம்பரை லாக் பண்ணேனே சித்தப்பா
ரகு சித்தப்பா: சீட் அந்த ஆரம்பப் புள்ளிகளை மட்டும்தான் பிடிச்சு வெக்கும். மாடல், அளவு, எத்தனை ஸ்டெப்ல வரையுதுங்கறது, வரி எல்லாம் அச்சு அசலா இருந்தாத்தான் அதே படம். மழைன்னு ஒரு வார்த்தை சேத்தாலே மூக்கு நகரும்
கலா அத்தை: மூக்கு 1வது பக்கத்துல இருக்கறதுதான் சரி. எங்க அம்மா மூக்கு அப்படியே
பெரியம்மா: அது எங்க பக்கத்து மூக்கு
தாத்தா: காலை வணக்கம் 🙏
கலா அத்தை: ரகு என் ட்ரைபாட் எங்க
ரகு சித்தப்பா: சுதா, 2ல இருந்து 9 வரைக்கும் எப்படி எடுத்த
சுதாக்கா: 2வது படத்தைக் குடுத்து 3, 3ஐக் குடுத்து 4
ரகு சித்தப்பா: ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். ஒவ்வொண்ணுலயும் முகம் ஒரு நூல் தள்ளிப் போகும், அடுத்தது அந்தத் தப்பு மேலயே வரையும். 9ல வயசு ஏறினது அதனாலதான். எந்தப் பக்கம்னாலும் முதல் மாதிரிப் படத்துக்கே திரும்பி வரணும்
சுதாக்கா: மாதிரிப் படம்னா?
ரகு சித்தப்பா: கேரக்டர் ஷீட். ஒரே படத்துல முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, முதுகு. வெள்ளைப் பின்னணி, தட்டையான வெளிச்சம், சாதாரண முகம். சிரிக்க வெச்சா 12 பக்கமும் சிரிச்சிட்டே இருப்பா, அழற பக்கத்துலயும்
விக்கி: 8ல விழுந்து சிரிக்கறா 🤣
ரகு சித்தப்பா: அந்த ஷீட்டோட ஒரு வர்ணனையும் வேணும். 40 வார்த்தைக்குள்ள, ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுத்து பிசகாம ஒட்டு. ஒருதடவை கவுன், ஒருதடவை ஃபிராக்னு எழுதாத. முதல்ல ஆளு, அப்புறம் இடம், கடைசியில செய்கை
விக்கி: நீங்க படம் எடுக்கற ஏஐ மிட்ஜர்னி 7னா, மாதிரிப் படம் குடுக்கற ஓம்னி ரெஃபரன்ஸ்ல அந்த ஷீட்டை ஏத்துங்கக்கா. அதை எவ்வளவு ஒட்டி வரையணும்ங்கற வெயிட் 100 தானா இருக்கும். 1000 வரைக்கும் போகும், ஆனா 400ஐத் தாண்டாதீங்க, கெட்டுடும்
பெரியம்மா: குழந்தை போட்டோவை எங்கயும் ஏத்த வேணாம்னு அன்னிக்கே சொன்னேன்
ரகு சித்தப்பா: போட்டோ வேணாம் அண்ணி, வரைஞ்ச படம் போதும்
சுதாக்கா: மச்சம்?
ரகு சித்தப்பா: எடுத்துடு. இடது வலது அதுக்குக் குழம்பும். மச்சம், ஒத்தைக் கிளிப்பு, ஒருபக்க வகிடு எல்லாம் தாவிட்டே இருக்கும். கண்டிப்பா வேணும்னா கடைசியில நம்மளே ஒரு புள்ளி வெச்சுக்கலாம்
கலா அத்தை: மச்சம் இல்லாம நிலாவா
சுதாக்கா: 6ல வானத்துல நிலா வந்துருக்கு, நான் கேக்கவே இல்ல
விக்கி: பேரைப் போட்டீங்களா
சுதாக்கா: ஆமா
விக்கி: 😂😂
ரகு சித்தப்பா: பேர் எழுதாத, அதுக்குப் பேர் தெரியாது, அர்த்தம்தான் தெரியும். லோரா, அதாவது நம்ம ஆளை மாடலுக்குத் தனியாக் கத்துக் குடுக்கற பயிற்சி, அது குடுத்தா மட்டும் அர்த்தமே இல்லாத ஒரு வார்த்தையைப் பேரா வெக்கலாம். 15ல இருந்து 30 படம், கோணம், தூரம், உடுப்பு எல்லாம் மாத்தி. ஒவ்வொரு படத்தோடயும் குடுக்கற குறிப்புல மாறுறதை மட்டும் எழுதணும்: கவுன், இடம், நிக்கறாளா ஓடறாளா. முடி, கண்ணு, மூக்கை எழுதக் கூடாது. எழுதாம விட்டதுதான் அந்தப் பேரோட ஒட்டிக்கும். எல்லாப் படத்துலயும் மஞ்சள் கவுன் இருந்து அதையும் எழுதாம விட்டா, அப்புறம் கவுனைக் கழட்டவே முடியாது
விக்கி: 12 பக்கத்துக்கு லோராவா சித்தப்பா
ரகு சித்தப்பா: தெரிஞ்சு வெச்சுக்கட்டும்
கலா அத்தை: ட்ரைபாட்
சுதாக்கா: 11ல கூட்டத்துல முகம் உருகின மாதிரி இருக்கே
விக்கி: சின்ன முகம்க்கா. ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாதிரி ஏஐ, படத்தை நீளம் அகலம் ரெண்டுலயும் எட்டுல ஒண்ணாச் சுருக்கித்தான் வேலை பாக்கும். முகம் 64 பிக்சல்னா உள்ள 8க்கு 8 கட்டம். அதுல கண்ணு எங்க, மூக்கு எங்க
ரகு சித்தப்பா: படத்தைப் பெருசாக்கி முகத்தை மட்டும் மாஸ்க் பண்ணி, அதாவது அந்த இடத்தை மட்டும் குறிச்சு, திரும்ப வரை. எவ்வளவு மாத்தணும்ங்கற டீநாய்ஸ் 0.3, 0.4. 0.6 போனா வேற பொண்ணு
தாத்தா: 5ஆம் பக்கத்தில் எனக்கு சுருட்டை முடி வந்திருக்கிறது
பெரியம்மா: 😳
ரகு சித்தப்பா: ரெண்டு பேரை ஒரே வரியில எழுதினா ஒருத்தர் அடையாளம் இன்னொருத்தர் மேல ஏறும். நிலாவைத் தனியா எடுத்துட்டு, அப்பா இடத்தை மட்டும் மாஸ்க் பண்ணி அவர் வர்ணனையை மட்டும் குடு. கவுன் மஞ்சள் சுவர்ல ஏறினதும் இதே கதை
தாத்தா: முடி இருக்கட்டும்
சுதாக்கா: தாத்தா 😂
கலா அத்தை: அப்பாவுக்கு ஒரு முடி, பக்கத்துக்குப் பக்கம் வேற முடியா? 10லயும் அவர் வராரே
விக்கி: அப்போ தாத்தாவுக்கும் ஒரு ஷீட். சுருட்டையோட
பெரியம்மா: வழுக்கையே போடுங்க, குழந்தை பயந்துக்கும்
தாத்தா: 🙏
சுதாக்கா: சரி, ராத்திரி ஷீட் ரெண்டும் போடறேன். கவுன் நீலமா மாத்தவா?
கலா அத்தை: மஞ்சள்
பெரியம்மா: நீலம்
ரகு சித்தப்பா: எதுன்னாலும் ஷீட்டுக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க, அப்புறம் 12ஐயும் திரும்ப எடுக்கணும்
கலா அத்தை: ரகு
ரகு சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது