அம்மா சொன்ன 182

எங்கள் ஊர் விருதுநகர் பக்கம். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல வருடம் மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம். அதனால் ரிசல்ட் அன்று "பாஸா?" என்று யாரும் கேட்பதில்லை. "கட்-ஆஃப் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள்.

2013-இல் நான் வாங்கியது 1200-க்கு 1012. நல்ல மார்க் என்றுதான் நினைத்தேன். ஆனால் கணக்கில் 158, இயற்பியலில் 162, வேதியியலில் 170. கணக்கை நூற்றுக்கும் மற்ற இரண்டையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கினால், பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 162. தமிழில் எடுத்த 184 அதில் சேரவே சேராது.

அன்று சாயங்காலம் சிவகாசியிலிருந்து பெரியம்மா போன் செய்தார். அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "182, அக்கா" என்றார்.

அன்றிலிருந்து ஊருக்கு நான் 182. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டபோதும் அதையே சொன்னேன். பெயர்கூடத் தெரியாத மனிதர் அவர். மார்க் குறைந்ததுகூட அவ்வளவு வலிக்கவில்லை. என் மார்க்கை அம்மாவால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லையே, அதுதான் வலித்தது.

கவுன்சிலிங் தேதி எங்களைக் காட்டிக்கொடுத்தது. அப்போதெல்லாம் பொறியியல் சீட்டுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் ரேங்க் வரிசைப்படிதான் நேரில் கூப்பிடுவார்கள். பெரியம்மா மகனுக்கு 185, அவன் ஜூன் கடைசியிலேயே போய் சீட் எடுத்துவிட்டான். எனக்கு வந்த தேதியோ ஜூலை பாதிக்கு மேல். வீட்டில் நாலு பேர் இருக்கும்போதே பெரியம்மா கேட்டார்: "182-ன்னா இந்நேரம் முடிஞ்சிருக்கணுமே?"

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

"162, பெரியம்மா."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் கேபிளை ஏன் கட் பண்ணவில்லை, எந்த டியூஷனுக்கு அனுப்பினீர்கள் என்று விசாரணை அம்மாவிடம்தான் தொடங்கியிருக்கும். பிள்ளையின் மார்க்குக்குக் கூண்டில் நிற்பது தாய்தான். அப்போது எனக்கு அது புரியவில்லை, கோபம் மட்டும்தான் இருந்தது.

சென்னைக்கு ராத்திரி பஸ். விழுப்புரம் தாண்டும்வரை அம்மா பேசவே இல்லை. அப்புறம் இருட்டில் மெதுவாக, "அந்த நேரத்துல வாய்ல வரலடா" என்றார். காலையில் திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக்கல் கிடைத்தது. சரி, படித்தேன்.

2017-இல் தம்பியின் முறை. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு அந்த வருடம்தான் நிறுத்தியது. எங்கள் வீட்டு போன் மட்டும் நிற்கவில்லை. பெரியம்மாதான்.

"148, அக்கா. இன்ஜினியரிங் வேணாம், பி.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேங்கிறான். சேர்த்துவிடப் போறோம்" என்றார் அம்மா. குரல் தடுமாறவில்லை. பிறகு, "இந்தா, பெரியம்மாகிட்ட பேசு" என்று போனைத் தம்பியிடம் நீட்டினார்.