பி6 படக்கோப்பில் 515 பைட்டுகள் எப்படிக் கூடின?

வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் தரம் 11 பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். படம் என்பது எண்களின் வரிசையே என்று காட்டுவதற்காக, வரைகலை நூலகம் எதையும் சேர்க்காமல், 256க்கு 256 புள்ளிகள் கொண்ட பிபிஎம் (PPM என்னும் எளிய பட வடிவம்) கோப்பை உருவாக்கும் சிறு செய்நிரலை சி மொழியில் எழுதினேன். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்புக்கு அதன் நிரலின் (மேலிருந்து கீழான வரிசை) எண்ணையும் பச்சைக்கு நிரையின் (இடமிருந்து வலமான வரிசை) எண்ணையும் கொடுத்து, நீலத்தை 128 என நிறுத்தினேன். எண்கள் 0இலிருந்து தொடங்குகின்றன.

பிபிஎம்மில் எண்களை எழுத்துகளாகவே எழுதும் பி3 வடிவம் சரியாகத் திறக்கிறது. (நோட்பேடில் ஓர் எண்ணை மாற்றி நிறம் மாறுவதைக் கண்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போகவே மறுத்தார்கள்.) ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பைட்டாக எழுதும் பி6 வடிவில்தான் சிக்கல். படத்தின் வடிவத்தையும் அளவையும் கூறும் தலைப்புக்கு 15, புள்ளிகளுக்கு 196,608 என 196,623 பைட்டுகள் இருக்கவேண்டிய கோப்பு, என் விண்டோஸ் மடிக்கணினியில் 197,138 பைட்டுகளாகிறது; படமும் சாய்ந்து, நிறம் மாறித் தெரிகிறது. தேடிப் பார்த்ததில், 10 என்ற மதிப்பு வரும் இடமெல்லாம் அதற்கு முன்னால் ஒரு 13 நுழைந்திருக்கிறது. நண்பரின் லினக்ஸ் கணினியில் இதே செய்நிரல் பிழையின்றி இயங்குகிறது.

கோப்பை எழுதுவதற்கான 'டபிள்யூ' (w) முறையில் திறக்கிறேன். அதில் என்ன மாற்றவேண்டும் என்று தெரிந்தவர்கள் கூறுங்கள். பிள்ளைகளின் கைப்பேசிகளில் பிபிஎம் திறக்கவில்லை என்பதால், அடுத்ததாக பிஎம்பி (BMP) பட வடிவத்துக்குப் போவதா, பிஎன்ஜி (PNG) வடிவத்தையே கையால் எழுதிப்பார்ப்பதா என்பதற்கும் உங்கள் ஆலோசனை தேவை.