மாட்டுக் கழுத்துப் பட்டையும் சிக்னலும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தென்னந்தோப்பு_77

மாட்டின் உடல்நிலையைப் போனுக்குச் சொல்லும் கழுத்துப் பட்டைக்கு லோராவா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் ரேடியோ) புளூடூத்தா என்று மாதம் ஒருவராவது கேட்கிறீர்கள். நான் புளூடூத் கட்சியாக இருந்தவன். இரண்டு வருடமாக ஒன்று உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன்.

உடுமலைப் பக்கம் எங்கள் கொட்டகையில் 11 கறவை மாடுகள். பட்டை நானே செய்தது. அசைவு சென்சார், தோல் சூட்டுக்கு ஒரு சென்சார், புளூடூத் சிப், பட்டன் பேட்டரி. செய்தியை வாங்கக் கூரைக் கட்டையில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று. நாற்பதடிக் கொட்டகைக்கு இதற்கு மேல் எதற்கு என்று நினைத்தேன். ஒரு வருடம் நன்றாகவே ஓடியது. பருவத்துக்கு வந்த மாட்டை இரண்டு மூன்று முறை சரியாகக் காட்டிக்கொடுத்ததில் அம்மாவுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அதில் ஒரு மாடு எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, நான்காம் ஈத்து. கன்று போட்ட மறுநாள் ராத்திரி போனில் பார்த்தேன், எல்லா மாடும் பச்சை. படுத்துவிட்டேன். விடிகாலை நாலரைக்கு அம்மா எழுப்புகிறார். மாடு படுத்துக் கிடக்கிறது, கழுத்தை ஒடித்து வளைத்தது போலத் தலையை விலாவில் புதைத்துக்கொண்டு. காதைத் தொட்டால் ஐஸ்.

பால் காய்ச்சல். கன்று போட்ட மாட்டுக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வருவது. பெயர்தான் காய்ச்சல், சூடு இறங்கத்தான் செய்யும். நான் வைத்திருந்த அலாரம் சூடு ஏறினால் மட்டும் அடிக்கும். சரி, அது சின்ன முட்டாள்தனம். பெரியது அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் பட்டையிலிருந்து இரவு 11.40க்குப் பிறகு ஒரு செய்திகூட வரவில்லை. தலை விலாவுக்குப் போனதும் பட்டை கழுத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே அமுங்கிவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும், மாட்டின் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். நான் எழுதிய புரோகிராமோ கடைசியாக வந்த அளவையே பச்சையாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த நோய்க்கு மாடு எப்படிப் படுக்குமோ, அப்படிப் படுத்தால்தான் என் பட்டை ஊமையாகும்!

டாக்டர் வந்து கால்சியம் பாட்டிலை நரம்பில் மெதுவாக ஏற்றினார். மாடு ஏப்பம் விட்டது, சாணி போட்டது, எழுந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த மாட்டைக் கறக்கப் போனார்.

கேட்வே_மணி

தம்பி, மாடு பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் பழியைப் புளூடூத் மேல் போடுவது சரியில்லை. ஒரே ஒரு ரிசீவர், அதுவும் கூரையில். எதிரெதிர் மூலையில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு வைத்திருந்தால் ஏதாவது ஒன்றுக்குக் கேட்டிருக்கும்.

என் அனுபவம் ஒரே வரி: 40 மாட்டுக்கு லோரா போட்டேன், தகரக் கூரைக்கு அடியில் ஆன்டெனா வைத்து மூன்று மாதம் வீணாக்கினேன்.

மற்றவர்கள் கேளுங்கள். லோராவில் எஸ்.எஃப் என்று ஒரு அமைப்பு உண்டு, எண் கூடினால் செய்தி மெதுவாகும், தூரம் கூடும். எஸ்.எஃப் 12 வைத்தால் மைனஸ் 137 டிபிஎம் (சிக்னல் வலிமை, மைனஸ் கூடினால் பலவீனம்) வரை கேட்கும், புளூடூத் மைனஸ் 95 பக்கத்திலேயே திணறும். உடனே எல்லாரும் 12க்குத் தாவாதீர்கள். எஸ்.எஃப் 7இல் ஒரு சின்னச் செய்தி 60 மில்லி செகண்டில் முடியும். 12இல் அதுவே ஒரு செகண்டைத் தாண்டும், பேட்டரியை அதே விகிதத்தில் தின்னும். பேட்டரி மாற்ற மாட்டைக் கட்டிப்போட்டுப் பட்டை கழற்றுவது யார், நீங்களா நானா? ஆகவே மாடு அசை போடுகிறதா, நடக்கிறதா என்பதைப் பட்டைக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டு, கால் மணிக்கு ஒரு முறை நிமிடக் கணக்கை மட்டும் அனுப்புங்கள். ஆன்டெனா தகரத்துக்கு மேலே, செங்குத்தாக. தென்னந்தோப்பு என்றால் மழைக்காலத்தில், ஈர ஓலையோடு ஒரு முறை நடந்து அளந்து பாருங்கள். பட்டைக்கு அடியில் எடைக்கட்டி தொங்கவிட்டால் டப்பா கழுத்தின் மேல் பக்கமே நிற்கும். கரண்ட் போனால் கேட்வேக்கு (பட்டைகளின் செய்தியை வாங்கும் பெட்டி) தனி பேட்டரி உண்டா என்றும் பாருங்கள். இதையெல்லாம் செய்யாமல் லோரா மோசம் என்று எழுதுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

கிடை_மருமகன்

மணி அண்ணா, உங்களுக்கு மாடு ஒரே இடத்தில் நிற்கிறது. என் மாமா கீதாரி, ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர். ராமநாதபுரத்திலிருந்து அறுவடை முடிந்த தஞ்சாவூர் வயல்களுக்குக் கிடை (ஆட்டு மந்தை) ஓட்டிப் போகிறவர். ஆட்டுக்குக் காய்ச்சல், கழிச்சல் வந்தால் முன்னாலேயே தெரியட்டும் என்று பத்துப் பட்டை கட்டினேன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வரப்பில் நிற்கிறேன், கையில் கேட்வே, பத்தடியில் ஆடு, ஒன்றுகூட இணையவில்லை. மலிவாகக் கிடைத்தது என்று வெளிநாட்டிலிருந்து வாங்கிய லோரா மாட்யூல், ஐரோப்பாக் கணக்கில் 868.1 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடுகிறது. கேட்வே நம் ஊர் கணக்கில் 865இல் காது வைத்திருக்கிறது. இங்கே உரிமம் இல்லாமல் பேச 2005இல் கொடுத்தது 865 முதல் 867 வரை, 2021இல் 868 வரை நீட்டினார்கள். என்னுடையது அதற்கும் அந்தப் பக்கம்.

மாமா ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆடு எங்க நிக்கிதுன்னு எனக்குத் தெரியும் மாப்ள. ஒன் டப்பாவுக்குத்தான் தெரியல.”

அலைவரிசையை மாற்றிச் சரிசெய்தேன். அதற்குள் கிடை அடுத்த ஊருக்குப் போயிருந்தது, கேட்வேயை முந்தின ஊர் வீட்டு மொட்டைமாடியில் கட்டி வைத்திருந்தேன்.

பண்ணை_செல்வி

நாங்கள் மாடு விழுங்கி வயிற்றுக்குள்ளேயே தங்கும் சென்சார் மாத்திரை வகை பயன்படுத்துகிறோம், பட்டையே கிடையாது. முதல் வாரம் மத்தியானம் மூன்று மணிக்கு மெசேஜ்: மாட்டின் சூடு 34 டிகிரி. சாகிற மாடு என்று நினைத்து நான்கு பேர் ஓடினோம். அது தொட்டியில் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது! குளிர்ந்த தண்ணீர் வயிற்றில் விழுந்தால் அப்படித்தான் இறங்கும், கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். இப்போது ஒரு நாளில் எத்தனை முறை இறங்கியது என்று எண்ணுகிறோம். குடிப்பது குறைந்தால் அந்த மாட்டைப் போய்ப் பார்க்கிறோம்.

மணி சார், தம்பி யாரையும் பழி சொல்லவில்லையே. செய்தி வராத மாட்டைப் பச்சையாகக் காட்டியதுதான் தப்பு என்று அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் சொன்ன இரண்டு ரிசீவரும் ஒருநாள் கரண்ட் இல்லாமல் நின்றால் திரும்பவும் எல்லாம் பச்சைதான்.

கேட்வே_மணி

அதற்குத்தான் தனி பேட்டரி என்று எழுதினேன் அம்மா. படிக்கவில்லை போல.

தென்னந்தோப்பு_77

செல்வி அக்கா சொன்னதுதான். இப்போது லோராவுக்கு மாறிவிட்டேன், இருபது நிமிடம் செய்தி வராவிட்டால் அந்த மாடு சாம்பல் நிறமாகும், அலாரமும் அடிக்கும். பாதி நேரம் பட்டை கழன்று சாணியில் கிடக்கும். மீதி நேரம் நான் போவதற்கு முன்னாலேயே அம்மா டார்ச்சோடு கொட்டகையில் நிற்கிறார்.

கிடை_மருமகன்

மாட்யூல் எட்டு மீதி இருக்கிறது, அலைவரிசை மாற்றியாயிற்று. யாருக்காவது வேண்டுமா?